உள்ளங்கையளவு இடம்

இன்றைக்கும் கலைந்துதான் கிடந்தது. நேற்று சாயங்காலம் ஒவ்வொன்றாக இழுத்து வந்து, ஒன்றோடு ஒன்று இடைவெளி விடாமல் ஒட்டி, கம்ப்யூட்டர்த் திரையின் நடுவே உள்ளங்கையளவு இடத்துக்குள் அடுக்கி வைத்துவிட்டுப் போன அத்தனை டூல்பார்களும் மறுபடி பிய்த்துக்கொண்டு போய்த் திரையின் நாலு ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தன. சனியனே என்றாள் தங்கபுஷ்பம், வாய்க்குள். அச்சகத்தின் மாடியில் அந்த நேரத்துக்கு அவளைத் தவிர யாருமில்லை, சத்தமாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதுதான் கீபோர்டை மூன்று விரலால் தொட்டு, அம்மா தாயே என்று வேண்டி, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறாள், கும்பிட்ட வாயால் உடனே திட்டினால் நன்றாகவா இருக்கும். அதனால் வாய்க்குள்ளேயே இன்னொரு தரம் சனியனே என்றாள். இன்றோடு இருபத்திரண்டு நாள். மேஜைமேல் இருக்கும் காலண்டரில் தினமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வருகிறாள், புள்ளி ஆனியில் தொடங்கி ஆடிக்குள் வந்துவிட்டது. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர்களின் மாதிரிப் பட ஆல்பத்தை வெளியே விட வேண்டும், சிவகாசியில் அன்றைக்கு ஆல்பம் விடாத அச்சகம் இருந்தும் இல்லாத மாதிரிதான், அதற்கு இன்னும் ஒன்பது நாள், பதினான்கு படம் பாக்கி. இந்த லட்சணத்தில் தினமும் காலையில் முக்கால் மணி நேரம் இந்த டூல்பார்களைப் பொறுக்கி எடுத்து அடுக்குவதற்கே போகிறது. வண்ணம் எல்லாம் வலது ஓரத்தில், எழுத்து சம்பந்தப்பட்டது மேலே, வரிசைப்படுத்துவது கீழே எங்கோ, வெட்டுவது இடது ஓரத்தில். எந்தப் புண்ணியவான் இப்படி யோசித்தான். வீட்டில் அரிவாள்மனையை வாசலிலும் வாணலியைக் கொல்லையிலும் உப்பை மொட்டை மாடியிலும் வைத்துக்கொண்டு யாராவது சமைப்பார்களா. இந்தப் புது மானிட்டர் வேறு, சித்திரையில் அண்ணாச்சி வாங்கிப் போட்டது, ஜன்னல் கதவு அகலம். முதலாளியை அங்கே எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள். பெருசா இருந்தா கண்ணுக்கு சொகமா இருக்கும் புஷ்பம் என்று சந்தோஷமாகச் சொன்னார், அவளும் ஆமாண்ணாச்சி என்றாள். பழைய சின்னப் பெட்டியை மூன்றாம் நாளே எடைக்குப் போட்டுவிட்டார்கள், அது போகும்போது அவளுக்கு அழுகை வந்தது, ஏன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

வலது ஓரத்துக்குப் போக வேண்டும். முதலில் மவுஸின் அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், அதைக் கண்டுபிடிக்க மவுஸை வட்டமாகச் சுற்றுவாள், ஏதோ ஒன்று கண்ணில் பட்டு ஓடும்போது லபக்கென்று பிடித்துக்கொள்வாள். பிடித்தாயிற்று. வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனாள், கழுத்தும் கூடவே போனது. செய்யாதது என்ன இருக்கிறது. அடுக்கியதற்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து வைக்கலாம் என்றார்கள், புஷ்பம் ஒன்று என்று பெயர் வைத்தாள், காலையில் வந்து பார்த்தால் அடுக்கும் இல்லை பெயரும் இல்லை, புஷ்பம் இரண்டு என்று வைத்தாள், இப்படியே புஷ்பம் பதினொன்று வரைக்கும் பிறந்து செத்தாயிற்று. டூல்பார்களுக்குப் பூட்டு இருக்கிறது, நகராமல் பூட்டலாம், பூட்டினாள், பூட்டோடு காணாமல் போயின. பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றால் அண்ணாச்சி எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்தத் துளையை மெழுகு ஊற்றி அடைத்து வைத்திருக்கிறார், ஆல்பம் வருவதற்கு முன்னால் படத்திலிருக்கும் முருகனும் லட்சுமியும் பக்கத்துத் தெரு அச்சகத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். சர்வீஸ்காரர் மூன்று தடவை மத்தியான நேரமாகப் பார்த்து வந்தார், மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினார், வைரஸ் என்றார், பிறகு வைரஸ் இல்லை என்றார், நான் இருக்கும்போது நல்லாத்தான இருக்கு என்று அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். போனில் வீடியோ பார்த்தாள், ஏதோ ஊர்க்காரன் ஒருவன் இங்கிலீஷில் படபடவென்று பேசி எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் சரிசெய்துவிட்டுச் சிரித்தான், அவனை அடிக்கலாம் போல இருந்தது. யூ.பி.எஸ். பாட்டரி செத்துப்போய் அதை ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு போனதிலிருந்து கரண்டு விஷயம் சரியில்லை, அதனால் இருக்குமோ என்றும் கேட்டுப் பார்த்தாள், கரண்டுக்கும் டூல்பாருக்கும் என்னம்மா சம்பந்தம் என்று சர்வீஸ்காரர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சம்பந்தம் இல்லைதான் போலிருக்கிறது. சாயங்காலம் ஏழு மணி அடித்ததும் அண்ணாச்சி கற்பூரம் காட்டிவிட்டு மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுப்பார், அவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது, அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஏழு என்றால் ஏழுதான். அப்போதுதான் இந்த மென்பொருள் ஆடி அசைந்து மூடிக்கொண்டிருக்கும், மூடுவதற்கே அதற்கு மூன்று நிமிஷம் வேண்டும், மகாராணி. கடைசியில் எலுமிச்சம்பழம் கூட வாங்கி மானிட்டருக்குப் பின்னால் வைத்தாள். அது காய்ந்துபோய் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

எல்லாம் செய்து பார்த்துவிட்டு மனுஷன் மேல்தான் சந்தேகம் வரும், வேறு எங்கே போகும். பக்கத்து நாற்காலிக் கனகவேல். அவளைவிட எட்டு வயது சின்னவன், அழைப்பிதழ் டிசைன் அவனுடையது, காலண்டர் டிசைன் அவளுடையது, பதினெட்டு வருஷமாக இந்த அச்சகத்தின் காலண்டர் முழுக்க அவள் கையால் வந்தது, அதில் அவனுக்குக் கண் இருக்காதா. அவள் மூடக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய பிறகு, கரண்டு போகும்வரை இருந்து போகிறவன் அவன்தான். நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், புரூஃப் பார்க்கும் அம்மா இருக்கும்போதே, பைண்டிங்கிலிருந்து வந்த இரண்டு பேர் இருக்கும்போதே கேட்டுவிட்டாள். என் சிஸ்டத்துல கை வைக்கிற சோலிய இன்னையோட விட்ரு கனகு. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் சொன்னது சொன்னதுதான். அவன் பாதி சோறு இருக்கும்போதே டிபன் பாக்ஸை மூடினான், மூடி சரியாக விழவில்லை, இரண்டாம் தடவை அழுத்தி மூடினான். அந்த டக் சத்தம் நேற்று ராத்திரி முழுக்கக் கேட்டது. செய்யாதவன் என்றால் செய்யவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே, வாய் இல்லையா. செய்தவன் என்றாலும் அப்படித்தான் மூடுவானோ. இதோ வண்ணப் பலகை கிடைத்துவிட்டது, இதன் தலையைப் பிடித்து நடுவுக்கு இழுக்க வேண்டும், இழுத்தாள், பாதியில் கை நழுவி அது எங்கோ விழுந்தது, எங்கே. மறுபடி வட்டம். மறுபடி கழுத்து. போன வருஷம் இவ்வளவு தேடவில்லை. போன வருஷம் திரையின் முக்கால்வாசி தெரிந்தது, பொங்கலுக்குப் பிறகு பாதி, இப்போது நேரே பார்த்தால் நடுவில் ஒரு இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது, முருகன் முகத்தின் மூக்குத் துவாரம் வரைக்கும் துல்லியமாக, அதைச் சுற்றி இருட்டா என்றால் இருட்டு இல்லை, இருட்டாக இருந்தால்கூடப் பரவாயில்லை, ஒன்றுமே இல்லை. முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது, ஒன்றும் தெரியவில்லை அல்லவா, அது இருட்டாகவா இருக்கிறது. அந்த மாதிரி. முதுகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து வருகிறது.

மதுரையில் கண் டாக்டரம்மா முதலில் கேட்டது பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா என்றுதான். அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன் என்றாள். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டு, சின்ன வயதில் இருட்டில் தடுமாறுவீர்களா என்று அடுத்தது கேட்டார், அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது, இது அண்ணனுக்கு வந்ததுதான். பிறகு ஒரு கிண்ணம் மாதிரி வெள்ளைப் பெட்டிக்குள் முகத்தை நுழைக்கச் சொன்னார்கள். உள்ளே ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளி வரும், வந்தால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும், நேரேதான் பார்க்க வேண்டும். அவளுக்குப் புள்ளி எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் அந்தப் பெட்டிக்குள் டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது, அச்சு மெஷின் சத்தத்தில் பதினெட்டு வருஷம் இருந்த காது, எந்தச் சத்தம் எதனுடையது என்று பிரித்துவிடும், டிக் என்றதும் அமுக்கினாள். டிக், அமுக்கு. டிக், அமுக்கு. பாஸாகிவிட்டோம் என்றே நினைத்தாள். டெஸ்ட் எடுத்த பெண் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள், வெளிச்சம் போடாதப்பவும் அமுக்கியிருக்கீங்கம்மா. சத்தத்துக்கு மட்டும் சில தடவை போடுவார்களாம், ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க. அந்த வெட்கம். வீட்டில் சும்மா பவர் கூடியிருக்கு என்று சொன்னாள், அண்ணாச்சியிடமும் அதுதான், கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்தாள், எல்லாரும் புதுக் கண்ணாடி நல்லாருக்கு என்றார்கள். அண்ணன் சந்தானம் டெய்லராக இருந்தவன், நாற்பது வயதில் ஊசியில் நூல் கோக்கிறது இருக்கட்டும், மெஷினின் சக்கரம் எங்கே என்று தடவ ஆரம்பித்தான். வீட்டோட இருக்கட்டும் என்றார்கள். யார் சொன்னது என்று இப்போது ஞாபகம் இல்லை, எல்லாரும்தான் சொன்னார்கள், அவளும்தான் சொன்னாள், பாசமாகத்தான் சொன்னாள். வாசல் பக்கம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ஆறு வருஷமாக அதில்தான் இருக்கிறான், யார் தெருவில் போனாலும் யாரது என்று கேட்பான், பாதிப் பேர் பதில் சொல்வார்கள். நாற்காலியின் கைப்பிடி அவன் கை பட்டுப் பட்டு நிறம் வெளுத்துவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கைப்பிடி மட்டும் கண்ணில் படும்.

நான் உட்கார மாட்டேன். அவ்வளவுதான். இதற்காகத்தானே இந்த உள்ளங்கையளவு இடம். தேவையான அத்தனையையும் தெரிகிற இடத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் யாருக்கும் என்ன தெரியப்போகிறது, படத்தைத்தான் நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாமே, வேல் நுனி பார்க்க வேண்டுமா வேல் நுனியை நடுவுக்குக் கொண்டுவா, மயில் தோகையா, கொண்டுவா. பழக்கம்தான், இப்படி வச்சாத்தான் எனக்கு வேகம் வரும் என்று ஒருதரம் கனகவேலிடம் சொன்னாள், அவன் தலையாட்டினான். படியில் எத்தனை படி என்று தெரியும், பதினேழு. நடைவழியில் பேப்பர் கட்டு வைக்கும் பக்கம் வலது, அதனால் இடது பக்கச் சுவரை ஒட்டி நடப்பாள், இருந்தும் போன வாரம் யாரோ இடது பக்கம் அட்டைக் கட்டு வைத்துவிட்டார்கள், முழங்கால் முட்டி ஊதா நிறத்தில் வீங்கியது. டீக்காரர் பக்கவாட்டில் நீட்டினால் தெரியாது, அவர் நீட்டிக்கொண்டே நிற்பார், அப்புறம் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். எதிரே வருகிறவர்கள் சிரித்தால் திரும்பச் சிரிப்பதில்லையாம், தலைக்கனமாம், ஆகட்டும், தலைக்கனம் என்றே வைத்துக்கொள்ளட்டும், அதுவாவது மரியாதையாக இருக்கிறது. ஆனால் போன மாதம் அந்த முருகன் படம். நகைக்கடைக்குப் போக வேண்டிய அட்டை, புரூஃப் எடுத்து அண்ணாச்சி மேஜைக்குப் போய்விட்டது, வேல் நுனிக்கு மேலே வலது மூலையில் சிவப்பில் ஒரு வெற்றுக் கட்டம், எப்போதோ வரைந்து அழிக்க மறந்தது, தீப்பெட்டி அளவு இருந்தது. அண்ணாச்சி கூப்பிட்டுக் காட்டினார், கோபப்படவில்லை, உனக்கு இப்படியெல்லாம் வராதே புஷ்பம் என்றார். டூல்பார் கலையுது அண்ணாச்சி, அந்தக் குழப்பத்துல விட்டுப்போச்சு என்றாள். சொன்னது முழுப் பொய் இல்லை. அதிலிருந்து தினமும் காலையில் படியேறி வந்ததும் மிஷின் சரியாச்சா என்று கேட்கிறார், இன்றைக்கும் கேட்பார். காலையில் கும்பிடும்போது முன்பெல்லாம் கீபோர்டைச் சும்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், அச்சகத்தில் எல்லாரும் அப்படித்தான், கீழே மெஷின்காரர் உருளையைத் தொடுவார், பைண்டிங்கில் கத்தியைத் தொடுவார்கள். மதுரைக்குப் போய்வந்த பிறகு அவள் சும்மா தொடுவதில்லை. மென்பொருளைத் திறந்துவிட்டு, அது ஏறி வருகிற நேரத்தில், கீபோர்டிலேயே பெரிய பொத்தான் எதுவோ அதன்மேல் மூன்று விரலையும் வைத்து அழுத்தி, கண்ணை இறுக்கி மூடி, பத்ரகாளித் தாயே, இந்தக் கண்ணு ரெண்டையும் விட்ரு என்று மூன்று தரம் சொல்வாள். இன்றைக்கும் சொன்னாள்.

படியில் காலடி கேட்டது. பதினேழு படியையும் அவசரமில்லாமல் ஏறி வந்தது கனகவேல். அவன் வழக்கமாக ஒன்பதரைக்குத்தான் வருவான், மணி ஒன்பது பத்துதான் ஆகியிருந்தது. நேற்றைக்குப் பிறகு முகத்தைப் பார்ப்பது எப்படி என்று அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், காணாமல் போன வண்ணப் பலகையை மும்முரமாகத் தேடுகிறவள் மாதிரி, மாதிரி என்ன, தேடத்தான் செய்தாள். அவன் தன்னுடைய நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். கோபமாக வந்திருக்கிறானா என்று தெரியவில்லை, குரலில் இல்லை. நேற்று சாயங்காலம் அவள் இருக்கும்போதே கிளம்பிப் போய்விட்டதாகவும், அவள்தான் கடைசியாகப் போனாள் என்றும், அதனால் இன்றைக்குக் கலைந்திருந்தால் அது தன் வேலை இல்லை என்றும் சொன்னான். ஆமாம், நேற்று அவன் ஆறு மணிக்கே போய்விட்டான், கவனித்தாள், கவனித்தும் மனசு அதை ஏற்றுக்கொள்ளாமல் இன்று காலைவரை அவனையே பிடித்துக்கொண்டிருந்தது. கலஞ்சிருக்கா என்று கேட்டான். கலஞ்சிருக்கு என்றாள்.

"ராத்திரி பூரா யோசிச்சேன்க்கா. சாயங்காலம் கரண்டு டக்குனு போறதால எனக்கும் தினமும் காலைல ஸ்கிரீன்ல ஒரு பாக்ஸ் வருது. சரியா மூடல, எல்லாத்தையும் பழையபடி மாத்தவான்னு கேக்கும். நான் வேணாம்னு குடுத்துட்டுப் போயிருவேன். நீங்க என்ன குடுக்கீங்க?"

எந்த பாக்ஸ் என்று கேட்டாள். அப்படி ஒன்று வந்ததே இல்லை என்றாள். அவன், நீங்கள் கும்பிடுகிற நேரத்தில் வந்திருக்கும், முந்தாநாள் நான் சீக்கிரம் வந்தபோது பார்த்தேன், என்டர் மேலதான் கை வைக்கிறீங்க, ஆமாம்னு எடுத்துக்கிட்டுப் போயிருது என்றான். தங்கபுஷ்பம் கீபோர்டைப் பார்த்தாள். என்டர். மூன்று விரலுக்கும் இடம் இருக்கிற பொத்தான், அழுத்தி அழுத்தி அதில் எழுத்தே அழிந்து போயிருந்தது. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு நாள், சர்வீஸ்காரர், எலுமிச்சம்பழம், பதினொரு புஷ்பம், எல்லாம் தன் கையாலேயே. கும்பிட்டுக் கும்பிட்டுக் கெடுத்திருக்கிறாள். சிரிப்போடு சிரிப்பாக ஒரு பெரிய பாரம் இறங்கியது, கண் இல்லை, கண் காரணம் இல்லை, கண்ணை மூடியிருந்தால் நல்ல கண்ணுக்கும்தானே தெரியாது, யாருக்கும் நடக்கிறதுதான், பத்ரகாளி காப்பாற்றிவிட்டாள். கனகு, நேத்து நான் பேசுனத மனசுல வச்சுக்காத என்றாள். அவன் அத விடுங்கக்கா என்றான், அவன் சிரிக்கிறான் என்பது குரலில் தெரிந்தது. இனி நாளைக் காலையில் கும்பிடுவதற்கு முன்னால் அந்த பாக்ஸுக்கு வேண்டாம் என்று பதில் சொல்லிவிட்டு அப்புறம் சாமியைக் கூப்பிட்டால் போதும், ஒன்பது நாளும் முழுசாக வேலை நடக்கும், அண்ணாச்சியிடம் சரியாகிவிட்டது என்று சொல்லலாம், ஆடிப் பதினெட்டு, தீபாவளி, பொங்கல் வரைக்கும் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. சும்மா சோதித்துப் பார்த்துவிடலாம் என்றான் கனகவேல். அவளும் உற்சாகமாகப் பார்த்துரலாம் என்றாள், கலைந்ததைப் பாதிக்குமேல் இழுத்து நடுவில் சேர்த்து, புஷ்பம் பன்னிரண்டு என்று பெயரும் கொடுத்தாள், அவன் எதையும் எடுத்துக் கொடுக்காமல் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். பிறகு குனிந்து கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினான். திரை செத்தது. பத்து எண்ணிவிட்டுத் திரும்பச் சொருகினான்.

"கைய மடியில வைங்கக்கா. கும்பிட வேணாம், கண்ண மூட வேணாம். பாத்துக்கிட்டே இருங்க."

மடியில் கை வைத்தாள். கும்பிடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது குளிக்காமல் வெளியே கிளம்பின மாதிரி இருந்தது, விரல் மூன்றும் தன்னால் எழுந்தன, இடது கையால் அவற்றைப் பிடித்துக்கொண்டாள். அவன் மென்பொருளைத் திறந்தான். நீல நிறத்தில் அதனுடைய படம் வந்தது, அதன் அடியில் கோடு ஓடியது, படம் மறைந்தது, திரை சாம்பல் நிறமாயிற்று. பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, தரை மெல்ல அதிர்ந்தது, ஆடிக் காற்றுக்கு ஜன்னல் கொக்கி தட்டிக்கொண்டிருந்தது. சாம்பல். இன்னும் வரவில்லை. இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது போல, கிழட்டுக் கம்ப்யூட்டர். கழுத்தை அசைக்கக் கூடாது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது அசைக்கவே கூடாது என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம், நேரே பார்த்துக்கொண்டு ஆடாமல் இருந்தாள். சாம்பல். ஒண்ணும் வரலையே கனகு, தொங்கிருச்சு போல என்றாள்.

அவன் பதில் சொல்லவில்லை. மூச்சு விடும் சத்தம்தான் கேட்டது. இப்படிப் பேசாமலிருப்பதை அவள் முன்பே ஒருதரம் கேட்டிருக்கிறாள், வெள்ளைப் பெட்டியிலிருந்து முகத்தை எடுத்தபோது, காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம். அப்படியென்றால் வந்துவிட்டது. வந்து நிற்கிறது. எதிரேயே எங்கோ, இவனுக்குத் தெரிகிற இடத்தில், கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஆமாமா, இந்தா இருக்கு, நான் வேற எதையோ நெனச்சுட்டேன் என்று சொல்லிவிடலாம், சொல்லிவிட்டு மவுஸைச் சுற்றிச் சுற்றிக் கண்டுபிடித்துவிடலாம், இவ்வளவு நாள் அதுதானே செய்கிறோம், டிக் என்றால் அமுக்கு. ஆனால் இங்கே டிக் சத்தமும் இல்லை. தெரியாத கேள்விக்கு இருபத்திரண்டு நாளாக ஆமாம் ஆமாம் என்று அமுக்கியிருக்கிறாள், கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் அமுக்கித்தான் இருப்பாள், அதற்கும் கும்பிடுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழி மட்டும் இவன் மேல் விழுந்தது. டிபன் பாக்ஸ் மூடி மறுபடி காதுக்குள் டக் என்று விழுந்தது. அவள் வாயைத் திறந்தபோது என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எந்தப் பக்கம் நிக்குது, கனகு?"

"வலது பக்கம்க்கா. மேல." மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான், "பெருசாத்தான் இருக்கு."

சட்டத்தை விட்டுவிட்டு அவள் கழுத்தைத் திருப்பினாள். கொஞ்சம் கொஞ்சமாக, சாம்பல் நிறத்தின் மேலேயே போனாள், போய்க்கொண்டே இருந்தாள், வலது மேல் மூலையில் வெள்ளையாக ஒரு விளிம்பு வந்தது, பிறகு இரண்டு வரி இங்கிலீஷ், கீழே இரண்டு பொத்தான். சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. நிதானமாக ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். வேண்டாம் என்பதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்து அமுக்கினாள். பெட்டி போயிற்று, திரையின் நடுவில் அவளுடைய டூல்பார்கள் அடுக்கினது அடுக்கினபடி வந்து உட்கார்ந்தன, ஒன்றுகூட நகரவில்லை. இருபத்திரண்டு நாளாக இதற்குத்தான் தவம் கிடந்தாள். கனகவேல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் கையை நீட்டி, திரையில் படாமல், அந்த அடுக்குக்கு நேரே உள்ளங்கையை விரித்துப் பிடித்தான். எல்லாம் கைக்குள் மறைந்துவிட்டன. பழக்கம் என்று அவள் சொன்னதற்குத் தலையாட்டியவனுக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது போலிருந்தது.

"இவ்வளவுதானாக்கா?"

"இவ்வளவுதான்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். படியில் அண்ணாச்சியின் தோல் செருப்பு ஏறி வந்தது, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. வாசலருகே நின்று வழக்கம்போல, என்ன புஷ்பம், மிஷின் சரியாச்சா, கோளாறு என்னன்னு தெரிஞ்சுதா என்றார். அவளுக்கு முன்னால் கனகவேல் எழுந்துவிட்டான். ஒரு செட்டிங்குதான் அண்ணாச்சி, ரெண்டு பேருமாப் பாத்துட்டோம், இனிமே வராது என்றான். அவ்வளவு வேகமாக, அவ்வளவு இயல்பாகச் சொன்னான், நேற்று அவள் அவனைப் பேசின பேச்சுக்குப் பிறகும். அந்தப் பொய்யை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆமாண்ணாச்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒன்பது நாள் ஓடிவிடும், அதற்குப் பிறகும் ஓட்டலாம், தினமும் இவன் ஒன்பது பத்துக்கு வந்து மூலை மூலையாகப் பார்த்துச் சொல்வான், அவளுக்காகப் பொய் சொல்வான், என்றைக்காவது ஒருநாள் வேறொரு மூலையில் வேறொரு சிவப்புக் கட்டம் இருக்கும், அன்றைக்குப் பழி மறுபடி இவன் மேல் விழும். சிவப்பு நாற்காலியின் வெளுத்த கைப்பிடி கண்ணுக்கு முன்னால் வந்தது, அது மட்டும் எப்போதும் நடுவில்தான் வரும், துல்லியமாக. பயமாகத்தான் இருந்தது. சந்தானத்தை யாரும் கேட்கவில்லை, அவனும் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, மற்றவர்களாகப் பேசி முடிவு செய்தார்கள்.

"மிஷின்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி," என்றாள் தங்கபுஷ்பம். "எனக்குத்தான் ஓரம் தெரியல. ரொம்ப நாளாத் தெரியல. எனக்கு அந்தப் பழைய சின்ன மானிட்டர் மாதிரி ஒண்ணு வேணும்."

சொல்லிவிட்டு, நாற்காலியோடு திரும்பி, அண்ணாச்சி எந்த இடத்தில் நிற்கிறார் என்று முகத்தை மெல்ல நகர்த்தித் தேடினாள்.